மறுநாள் காலை

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு சிறுகதை எழுதினேன். கணவனை இழந்த ஒரு தாய். அவளுக்கு ஏழு வயதில் ஒரே மகன். நெஞ்சில் நோய் பற்றிக்கொண்ட பிறகும் அவள் அதை ஒருவரிடமும் சொல்வதில்லை. இரவெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து உழைக்கிறாள். இருமல் வரும்போது மகன் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொள்கிறாள். பள்ளியில் பரிசு வாங்கிக்கொண்டு பையன் ஓடி வருகிற மாலையில், அவனுக்காகத் தைத்து முடித்த புதுச் சட்டை மடியில் கிடக்க, அவள் இயந்திரத்தின் மேல் தலை சாய்ந்திருக்கிறாள். அத்துடன் கதை முடிகிறது.

அந்தக் கதை வெளிவந்த வாரத்தில் எனக்கு வந்த கடிதங்களை இன்றும் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். “தாய்மையைத் தெய்வமாக்கிவிட்டீர்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். “படித்துவிட்டு இரவு சாப்பிடவில்லை” என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார். வாசகர்களைச் சாப்பிட விடாமல் செய்வதே பெரிய சாதனை என்று நினைக்கிற வயது எனக்கு அப்போது. பிறகு அந்தக் கதை ஒரு தொகுப்பில் சேர்ந்தது. பள்ளிக்கூடத்துத் துணைப்பாட நூல் ஒன்றிலும் இடம் பெற்றது. நான் அதை மறந்தும் போனேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முன்பின் அறியாத ஒரு பெண்மணி என் வீட்டைத் தேடி வந்தார். முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கலாம். முகக்கவசம் அணிந்திருந்தார். கொரோனாக் காலத்துக்குப் பிறகு முகக்கவசம் அணிந்தவரை ஏன் என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன். அவர் வாசலை ஒட்டிக் கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“உங்கள் கதையை எட்டாம் வகுப்பில் படித்தேன், ஐயா. வகுப்பே அழுதது. இப்போது போன வாரம் மறுபடி தேடி எடுத்துப் படித்தேன்” என்றார்.

அவர் சொன்னது இது. கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் போய்விட்டார். ஐந்தரை வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. விடாத இருமலுக்காக அரசு மருத்துவமனைக்குப் போனபோது காசநோய் என்று கண்டறிந்து மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வாரமாகச் சாப்பிட்டு வருகிறார்.

“வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை, நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். குழந்தைக்குத் தனிப் பாய், தனித் தம்ளர். அவளை முத்தமிடுவதில்லை. ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் கதையில் வருகிற அம்மாவும் சொல்லவில்லையே?”

நான் பேசாமல் இருந்தேன்.

“உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன். மறுநாள் காலையில் அந்தப் பையனுக்குத் தலை வாரிவிட்டது யார்?”

என்னிடம் பதில் இல்லை. கதை முந்திய நாள் மாலையே முடிந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்த மாலைதான். அந்தப் பையன் மறுநாள் காலையில் விழிப்பான், பசிக்கும், யாரையாவது கூப்பிடுவான் என்பதை நான் ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை. என் கதாநாயகியும் நினைத்துப் பார்க்கவில்லை. அவளுடைய பெருமை முழுவதும் அந்த மறதியின் மேல்தான் நின்றது.

“நாளைக் காலையில் குழந்தையை அழைத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அம்மா. பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். போவார் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய பாராட்டு அப்படித்தான் திரும்பி வந்தது.

தனியாக ஒரு குழந்தையை வளர்ப்பவருக்குத் தம் நோயை மறைத்துவைக்கும் உரிமை உண்டா? அன்றிலிருந்து என்னைத் தொடர்ந்து வந்த கேள்வி இது. மேலோட்டமாகப் பார்த்தால் விடை எளிது. என் உடம்பு என்னுடையது. அதில் வந்த நோயும் என்னுடையது. அதை யாரிடம் சொல்வது என்பது என் விருப்பம். தனி மனிதன் ஒருவனுக்கு இது சரிதான். ஆனால் ஒரே தூணில் நிற்கும் கூரை என்றால், அந்தத் தூணில் விழுந்த விரிசல் தூணின் சொந்த விஷயம் மட்டும் ஆகுமா? கீழே படுத்திருக்கிற குழந்தைக்கும் அதில் பங்கு இல்லையா?

மறைப்பவர்கள் அறிவில்லாமல் மறைப்பதில்லை. அவர்களுடைய காரணங்களை மதித்துத்தான் பேச வேண்டும். எனக்குத் தெரிந்தவரை அவை மூன்று. குழந்தை பயந்துவிடும் என்பது ஒன்று. தெரிந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள், வேலையும் வீடும் போய்விடும் என்பது இரண்டு. யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்துவிட வேண்டும் என்ற சுயமரியாதை மூன்றாவது.

முதல் காரணத்தைப் பார்ப்போம். குழந்தைக்குச் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது என்று நாம் நம்புகிறோம். குழந்தைக்கு நோயின் பெயர் தெரியாது. வீடு மாறிவிட்டது என்பது தெரியும்.

போலந்து நாட்டு வார்சா நகரத்தில் 1867-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் மேரி கியூரி என்று உலகம் அறிந்த மரியா அவள். அவள் பிறந்த சில ஆண்டுகளுக்குள் அவளுடைய தாயைக் காசநோய் பற்றிக்கொண்டது. அது தொற்றும் விதம் சரியாக விளங்காத காலம். கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-இல்தான். ஆனாலும் அந்தத் தாய் தம் குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் தமக்கென்று தனிப் பாத்திரங்கள் வைத்துக்கொண்டார். குழந்தைகளை முத்தமிடுவதை நிறுத்திக்கொண்டார். மரியாவுக்குக் கிடைத்ததெல்லாம் நெற்றியை வருடும் விரல்கள். 1878-இல் தாய் இறந்தபோது மரியாவுக்குப் பத்து வயது. மரியாவின் இளைய மகள் ஈவ், 1937-இல் வெளிவந்த தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். முத்தம் கிடைக்காத கதை இன்னொரு தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தாயின் அன்பில் யார் குறை காண முடியும்? ஆனால் அன்பு விலகி நிற்கும்போது, ஏன் விலகி நிற்கிறது என்று குழந்தைக்குச் சொல்ல ஆள் இல்லையென்றால், குழந்தை தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சிறு வயதில் உலகம் முழுவதும் தன்னைச் சுற்றித்தான் சுழல்கிறது. மழை பெய்தால் தனக்காக. விளையாட்டு நின்றால் தன்னால். அம்மா மாறிவிட்டாள் என்றால் அதற்கும் தான்தான் காரணம். குழந்தை கண்டுபிடிக்கிற காரணம் அநேகமாக ஒன்றே ஒன்றுதான்: ‘நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன்.’ நோய் என்ற உண்மையைவிட இந்தப் பொய் குழந்தைக்குக் கனமானது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. காசநோய் தம்ளரால் பரவுவதில்லை; இருமும்போது காற்றில் கலந்து பரவுகிறது. சரியான மருந்தைத் தொடங்கிவிட்டால் பிறருக்குத் தொற்றுகிற ஆபத்து விரைவாகக் குறைகிறது. ஆனால் அதற்கு முன்பே கூட இருந்த குழந்தையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நோய் இல்லையென்றால், வராமல் தடுக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும். என்னைத் தேடி வந்தவர் தம்ளரைப் பிரித்துவைத்தார்; ‘வீட்டில் யாரும் இல்லை’ என்ற ஒரு வாக்கியத்தால் அந்தச் சோதனையைத் தடுத்துவிட்டார். குழந்தையைக் காப்பதற்காகச் சொன்ன பொய், குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய காப்பைத்தான் முதலில் பறித்தது.

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். நோய் என்றால் பிரிவு என்ற பயம் நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியது. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. சென்னையில் ரயில் நிலையம் ஒன்றுக்கே சானடோரியம் என்று பெயர் இருக்கிறது. தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சவரிமுத்து தொடங்கிய காசநோய் விடுதியின் நினைவு அது. இத்தகைய விடுதிகளில் மாதக்கணக்கில் ஓய்வும் நல்ல உணவும் காற்றும் பெறுவதுதான் சிகிச்சை என்று உலகம் அன்று நம்பியது. கைக்குழந்தை உள்ள தாய்க்கு அது குணமாகும் வழியா, குழந்தையை இழக்கும் வழியா என்று சொல்ல முடியாத நிலை.

அந்த நம்பிக்கையை மாற்றிய ஆராய்ச்சி நடந்ததும் இதே சென்னையில்தான். 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியினருக்கு அவர்கள் வீட்டில் வைத்தே சிகிச்சை அளித்தார்கள். இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். விடுதியில் இருந்தவர்களுக்கு ஓய்வும் சத்துள்ள உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தபோது உலகமே வியந்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. குழந்தையை விட்டுப் பிரியாமலே தாய் குணமடையலாம் என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டிய ஊர் இது. அந்த ஊர் இருக்கிற நாட்டில், பிரிவுக்குப் பயந்து ஒரு தாய் மாத்திரையை அரிசிக்குள் ஒளித்துவைக்கிறாள்.

ஆனால் எல்லா நோயும் வீட்டிலேயே தீர்ந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை, கடுமையான காய்ச்சல் என்று மருத்துவமனையில் படுக்க வேண்டிய நாட்கள் வரும். அப்போது குழந்தை என்ன ஆகும்?

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதியர் 1960-களின் இறுதியில் இதையே கவனித்துத் திரைப்படமாகப் பதிவு செய்தார்கள். தாய் பிரசவத்துக்குப் போயிருந்த நாட்களில் சின்னஞ்சிறு குழந்தைகள் எப்படி இருந்தார்கள் என்ற பதிவு. ஜான் என்ற பதினேழு மாதக் குழந்தை ஒன்பது நாட்கள் ஒரு குழந்தைகள் விடுதியில் இருந்தான். அங்கே அன்பில்லாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் பணிப்பெண்கள் முறை வைத்து மாறிக்கொண்டே இருந்தார்கள். அவன் ஒருவர் மாற்றி ஒருவரிடம் ஒண்டிப் பார்த்தான், பிறகு அழுதான், உணவை மறுத்தான், கடைசியில் ஒரு பெரிய பொம்மைக் கரடியைக் கட்டிக்கொண்டு கிடந்தான். தாய் திரும்பி வந்தபோது அவளிடம் போக மறுத்துத் திமிறினான்.

அதே தம்பதியர் வேறு நான்கு குழந்தைகளைத் தனித்தனியே தம் சொந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தாய் போவதற்கு முன்பே குழந்தையோடு பழகினார்கள். குழந்தையின் சொந்தப் போர்வையையும் பொம்மையையும் உடன் கொண்டுவரச் செய்தார்கள். அம்மாவைப் பற்றித் தினமும் பேசினார்கள். அந்தக் குழந்தைகளும் ஏங்கினார்கள். ஆனால் உடைந்துபோகவில்லை.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, பிரிவைவிட ஆயத்தமில்லாத பிரிவுதான் குழந்தையை உடைக்கிறது என்பது. முன்கூட்டியே பழகிய ஒரு முகம் வேண்டும். மறைப்பவரால் அந்த முகத்தைத் தேட முடியாது. நோயை ஒருவரிடமும் சொல்லாதவர், தம் குழந்தையை யாரிடம் பழக்கிவைப்பார்?

மூன்றாவது காரணம் சுயமரியாதை. இதைத் தொடும்போது நான் கவனமாக இருக்க விரும்புகிறேன். தனித்து நிற்கும் பெண்ணுக்கு நம் ஊரில் பல சமயம் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். உதவி செய்தவர்கள் அதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பது அரிது. ‘அன்றைக்கு நான் இல்லாவிட்டால்’ என்று தொடங்கும் பேச்சை ஒரு முறை கேட்டவர், இரண்டாம் முறை கை நீட்டமாட்டார். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்பது இன்னும் கடினம். தலைவலி என்று சொல்லவே தெரியாமல் வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள்.

மேரி கியூரியின் வாழ்க்கையே இதற்கும் வெளிச்சம் தருகிறது. 1906 ஏப்ரலில் அவருடைய கணவர் பியர் கியூரி பாரிஸ் தெருவில் வண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அப்போது மூத்த மகளுக்கு எட்டு வயது. இளையவளுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அரசாங்கம் உதவித்தொகை கொடுக்க முன்வந்தது. தம் குழந்தைகளைத் தாமே உழைத்துக் காப்பாற்ற முடியும் என்று கூறி அவர் மறுத்துவிட்டார். சுயமரியாதைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் அதே மேரி, கணவரின் முதிய தந்தையைத் தம்முடனேயே வைத்துக்கொண்டார். 1910-இல் அவர் இறக்கும் வரை, பேத்திகளுக்கு விளையாட்டுத் தோழராகவும் ஆசிரியராகவும் இருந்தவர் அந்தத் தாத்தாதான். 1911 டிசம்பர் இறுதியில் மேரியே சிறுநீரக நோயால் மருத்துவமனையில் படுத்தார். அடுத்த ஆண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. பத்திரிகைகளின் வசைக்கு அஞ்சிப் பிறந்த வீட்டுப் பெயரில் மறைந்து வாழ்ந்த நாட்கள் அவை. 1912 கோடையில், இங்கிலாந்தில் இருந்த ஹெர்தா அயர்ட்டன் என்ற விஞ்ஞானி, தாமும் கணவனை இழந்தவர், மேரியைத் தம் பொறுப்பில் அழைத்துவைத்துப் பார்த்துக்கொண்டார். மகள்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு நோபல் பரிசு பெற்றவருக்கும் ஒரு மாமனாரும் ஒரு தோழியும் தேவைப்பட்டார்கள். அவர்களை ஏற்றுக்கொண்டதால் அவருடைய மதிப்பு ஓர் அணுவும் குறையவில்லை. பணத்தை மறுத்தவர் கைகளை மறுக்கவில்லை. எதை மறுப்பது, எதை ஏற்பது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதும் சுயமரியாதையில் ஒரு பகுதிதான்.

நம் வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகில் இருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவர் என்பவை அந்த நான்கு. நான்காமவரை அவர் மருத்துவருக்கு இணையான வரிசையில் வைத்திருப்பதை நினைத்து நினைத்து வியக்கிறேன். தனித்த பெற்றோர் நோயில் விழும்போது முதல் மூன்றும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. இல்லாமல் போவது அந்த நான்காவது. அந்த இடம் வெகுநாள் காலியாக இருப்பதில்லை. யாரும் வராவிட்டால் குழந்தை வந்து அதில் உட்கார்ந்துவிடுகிறது. ஆறு வயதில் அடுப்புப் பற்றவைக்கிற குழந்தை, மாத்திரை எண்ணுகிற குழந்தை, அம்மா தூங்குகிறாளா மூச்சு விடுகிறாளா என்று நள்ளிரவில் மூக்கில் கை வைத்துப் பார்க்கிற குழந்தை. ‘எவ்வளவு பொறுப்பான பிள்ளை’ என்று ஊர் மெச்சும். அந்த மெச்சுதலும், என் கதைக்கு வந்த பாராட்டும் ஒரே இனம்.

ஆகவே சொல்வதிலும் ஓர் அளவு உண்டு. உண்மையைச் சொல்வது வேறு. சுமையை இறக்கிவைப்பது வேறு. ‘அம்மாவுக்கு நெஞ்சில் நோய். மருந்து சாப்பிடுகிறேன். இது உன்னால் வந்ததில்லை. நான் படுத்திருக்கிற நாளில் உனக்குச் சோறு போடக் கீழ்வீட்டுப் பாட்டி இருக்கிறாள்.’ ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும். கடன் எவ்வளவு, வாடகை எப்படி, பிழைப்பேனா மாட்டேனா என்ற கணக்குகள் பெரியவர்களிடம் போக வேண்டியவை. அவற்றைக் கேட்க ஒரு பெரியவர் இருந்தால்தான் குழந்தையிடம் அவை போகாமல் இருக்கும். குழந்தையிடம் அளவாகப் பேச வேண்டுமானால், முதலில் ஒரு பெரியவரிடம் மனம் திறந்து பேசியாக வேண்டும்.

உதவி கேட்பதை இதுவரை நாம் தாட்சண்யத்தின் பக்கத்தில் வைத்தே பார்த்து வந்தோம். தனித்த பெற்றோருக்கு அது கடமையின் பக்கத்தைச் சேர்ந்தது என்பதே என் முடிவு. குழந்தைக்குப் பால் வாங்குவது எப்படிக் கடமையோ, பள்ளியில் சேர்ப்பது எப்படிக் கடமையோ, அப்படித்தான் அதற்கு ஒரு நான்காமவரைத் தேடி வைப்பதும். தனக்காகக் கேட்க வெட்கமாக இருக்கலாம். குழந்தைக்கு உரியதைக் கேட்பதில் என்ன வெட்கம்?

அந்தக் கடமையில் எல்லாரும் பேச அஞ்சும் ஒரு பகுதி உண்டு. நான் இல்லாமல் போனால் யார்? இதை எழுதிவைப்பதை அபசகுனம் என்று நினைக்கிறோம். தந்தை இறந்துவிட்ட நிலையில், தாய் தன் மைனர் குழந்தைக்கு ஒரு கார்டியனைத் தன் உயிலில் நியமிக்கலாம் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், கார்டியன் சட்டம் இடம் தருகிறது. உயிலுக்கு இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய சொத்து எதுவும் வேண்டியதில்லை, குழந்தையே போதும். எழுதியவர்கள் எல்லாரும் செத்துப்போவதில்லை. பெரும்பாலோர் எழுதிய பிறகு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இவ்வளவும் நோயாளியின் கடமையைப் பற்றிச் சொன்னேன். நம் கடமையைச் சொல்லாவிட்டால் இது ஒருதலைப்பட்சமான நியாயமாகிவிடும். அவர் ஏன் மறைத்தார்? வீட்டைக் காலி செய்யச் சொல்வோம் என்று நம்மை நினைத்துத்தான். கடையில் நிறுத்திவிடுவோம் என்று நம்மை நினைத்துத்தான். ‘குழந்தையை எங்காவது விட்டுவிடு’ என்று உபதேசம் செய்வோம் என்று நம்மை நினைத்துத்தான். ஒருவர் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர் என்றால், அதைச் சொன்னதற்காக அவரைத் தண்டிக்காமல் இருக்க நாம் கடமைப்பட்டவர்கள். ‘ஏதாவது வேண்டுமானால் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது கேட்கும் சுமையையும் நோயாளியின் தலையிலேயே வைத்துவிடுகிறது. ‘நாளையிலிருந்து உங்கள் பெண்ணை என் பெண்ணோடு பள்ளிக்கு அழைத்துப்போகிறேன்’ என்று சொல்பவர் அந்தச் சுமையில் பாதியைத் தாமே எடுத்துக்கொள்கிறார்.

மாசி மாதக் கடைசியில் அந்தப் பெண்மணி மறுபடி வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையும் வந்திருந்தது.

அன்றைக்கு மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையாம். மூன்று நாள் கழித்துத்தான் போனாராம். குழந்தைக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். அவருக்கு மருந்து முடிய இன்னும் மூன்று வாரம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரின் தாயாரிடம் சொன்னாராம். யாரிடம் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தாரோ அதே பாட்டி. எல்லாம் நன்மையாக முடிந்தது என்று நான் எழுதினால் மறுபடி ஒரு பொய்க் கதை எழுதியவன் ஆவேன். நெருங்கிய உறவினர் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். கடையில் சிலர் இன்னும் தள்ளியே நிற்கிறார்கள். அந்த வலி அவர் பேச்சில் இருந்தது.

“குழந்தையிடம் எப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“அம்மாவுக்கு இருமல் நோய், அதனால்தான் உன்னைத் தள்ளிப் படுக்கவைத்தேன் என்றேன். இவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, ‘நான் படுக்கையை நனைச்சதுக்காக இல்லையாம்மா?’ என்று கேட்டாள், ஐயா. இரண்டு மாதமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ராத்திரி தண்ணீரே குடிக்காமல் படுத்திருக்கிறாள். தண்ணீர் வேண்டாம் என்கிறாளே, சமர்த்தாகிவிட்டாள் என்று நான் நினைத்தேன்.”

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். குழந்தை அதைக் கவனிக்காமல், என் மேஜை மேல் இருந்த பேனாக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தது.

“யார் பின்னிவிட்டது?” என்று குழந்தையைக் கேட்டேன்.

“அம்மா” என்றது. “அம்மா படுத்திருந்தப்போ கீழ்வீட்டுப் பாட்டி. பாட்டி இழுத்து இழுத்துப் பின்னுவாங்க. வலிக்கும்.”

“அப்படிச் சொல்லக் கூடாது” என்று தாய் அதட்டினார்.

சொல்லட்டும் என்றேன். நான் எழுதிய அந்தப் பையனுக்கு இப்படிக் குறை சொல்ல ஒரு பாட்டியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.